இறகும் பூட்டும் ஒரே நூலில்

நெடுங்காலத்துக்கு முன்னால், மேகங்கள் பனை உயரத்தில் மேய்ந்துகொண்டிருந்த காலத்தில், நீலவானூர் என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் மிதந்தார்கள். ஆமாம், மிதந்தார்கள். குறுக்கே பேசாமல் கேளுங்கள், காரணம் வருகிறது.

ஊருக்கு மேலே, மேகத்தின் மீது, கனங்கொள்ளி என்கிற மாயாவி அரண்மனை கட்டினான். மேகத்தில் கட்டினால் அது ஓரிடத்தில் நிற்குமா? காற்றடித்த பக்கமெல்லாம் போனது. கல்லைக் கட்டி நிறுத்தலாமென்றால் மேகம் கிழியும். பிள்ளைகளின் கனம் மெத்தென்று இருக்குமே என்று அவனுக்குத் தோன்றியது. ஒருநாள் மதியம் அவர்கள் தூங்கும்போது அத்தனை பிள்ளைகளின் கனத்தையும் உறிஞ்சினான். அதைப் பட்டுப் பையில் கட்டி, அரண்மனைக்கு நங்கூரமாகத் தொங்கவிட்டான்.

அன்றிலிருந்து தூளியில் போட்ட குழந்தை உத்தரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. சோறு ஊட்ட ஏணி வேண்டியிருந்தது. பட்டத்து இளவரசனே தர்பார் மண்டபத்துக் கூரையில் பல்லி மாதிரி கிடந்தான்.

கூடை முடைகிற பவளாயி தன் மகள் சிட்டுவின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றியிருந்தாள். அவள் கீழே நடப்பாள். மகள் மேலே மிதப்பாள். கொலுசுச் சத்தம் மட்டும் வானத்திலிருந்து சொட்டும்.

"அம்மா, மேகத்தை நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை."

"இறங்கி வாடி, உப்புப் போட்டுத் தர்றேன்."

"இறங்கத் தெரியலையே அம்மா."

பவளாயி மணிக்கட்டில் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினாள். மறுநாள் ஆடி பிறக்கிறது. ஆடிக்காற்று எழும்பினால் எந்தக் கயிறு தாங்கும்?

பெருமை பிடித்தவர்களுக்குத் தங்கள் வித்தையை வேடிக்கை பார்க்க ஆள் வேண்டுமே. அன்று காலை கனங்கொள்ளி தர்பாருக்கே இறங்கி வந்தான். ஒரு கொக்கிறகு, ஒரு சோழி, ஓர் இரும்புப் பூட்டு, மூன்றையும் தரையில் வீசினான்.

"இவற்றை ஒரே நூலிலிருந்து தொங்கவிடுங்கள். குச்சியும் நூலும் உங்கள் இஷ்டம். ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒரு குச்சியும் சாயக் கூடாது. நின்றால் கனத்தைத் திருப்பித் தருகிறேன், சத்தியம். மூன்று தடவைதான்!"

மந்திரி முன்வந்தார். அரண்மனையில் எதற்கும் பெரியவருக்குத்தான் முதலிடம்; பந்தியில் இலை போடுவதுகூட அப்படித்தான். ஆகவே பெரிய பூட்டை முதலில் கட்டினார். மறுமுனையில் இறகையும் சோழியையும் கட்டினார். குச்சியின் சரிநடுவில் நூலைப் போட்டுத் தூக்கினார். டமார்!

அடுத்து தளபதி. அதே பூட்டு முதலில், அதே சரிநடு, குச்சி மட்டும் தடிமன். டமார்!

கூட்டத்தில் பவளாயி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சாமி, பூட்டைக் கட்டிட்டு நடுவிலே தூக்கினா நிக்குமா?"

"பெரியதுக்குத்தான் முதல் மரியாதை. அரண்மனை வழக்கம்," என்றார் மந்திரி.

"அந்த வழக்கத்தை நூல்கிட்டச் சொல்லுங்க. அது கேக்குதான்னு பார்ப்போம்."

"விடுங்கள், அவள் செய்யட்டும்," என்றாள் ராணி. அவள் கையில் இளவரசனின் கயிறு இருந்தது.

பவளாயி தன் மகளின் கயிற்றையும் அவிழ்த்து ராணியிடம் நீட்டினாள். "பிடிங்க தாயே. விட்டீங்க, அப்புறம் நான் மரியாதை பார்க்க மாட்டேன்."

ராணி இரண்டு கயிற்றையும் இரண்டு கையால் பிடித்தாள்.

பவளாயி சந்தைக்குக் காவடி தூக்கிப் போகிறவள். சிட்டுவுக்குக் கனம் இருந்த நாளில் ஒரு பக்கம் கூடைகள், மறுபக்கம் சிட்டு. கூடை லேசு, சிட்டு கனம். அதனால் தோளைச் சிட்டுவின் பக்கமாக நகர்த்திக் கொடுப்பாள். எங்கே நகர்த்துவதென்று தோளுக்கே தெரியும்.

மூங்கிலை நரம்பு போலச் சீவினாள். பூட்டை முதலில் தொடவே இல்லை. அடியிலிருந்து தொடங்கினாள். சின்னக் குச்சியின் ஒரு முனையில் இறகு, மறுமுனையில் சோழி. குச்சியை விரல்மேல் வைத்து, விரலைச் சோழிப் பக்கம் நகர்த்தினாள், நகர்த்தினாள், நகர்த்தினாள். ஆட்டம் அடங்கிய இடத்தில் முடிச்சு. பிறகு நீளக் குச்சி. ஒரு முனையில் அந்தச் சின்னக் குச்சி அப்படியே தொங்கியது, மறுமுனையில் பூட்டு. விரலைப் பூட்டுப் பக்கம் நகர்த்தினாள், நகர்த்தினாள், பூட்டோடு ஒட்டப்போகும் அளவுக்கு நகர்த்தினாள். முடிச்சுப் போட்டுத் தூக்கினாள்.

குச்சி மெல்லச் சாய்ந்தது. கூட்டம் மூச்சை அடக்கியது. பவளாயி முடிச்சை ஓர் எள் அகலம் தள்ளினாள். சாய்ந்தது நிமிர்ந்தது. நின்றது.

கனங்கொள்ளிக்கு முகம் கறுத்தது. கன்னத்தை உப்பவைத்து, ஓங்கி ஊதினான்.

விழவில்லை, சுழன்றது. இறகு பெரிய வட்டம் போட்டது, சோழி சின்ன வட்டம் போட்டது, பூட்டு தூக்கக் கலக்கத்தில் தலையாட்டுவதுபோல் திரும்பியது. சுவரெல்லாம் நிழல்கள் மீன்களாக நீந்தின. கோபத்தில் ஊதியவனே வாய் பிளந்து பார்த்தான். மெல்ல, மெல்ல, மெல்ல அடங்கி, மறுபடி நேராக நின்றது.

சத்தியம் பண்ணியாயிற்றே! மேலே பட்டுப் பை தானாக அவிழ்ந்தது. வெதுவெதுப்பான தூறல் போலக் கனம் ஊர்மேல் இறங்கியது. பிள்ளைகள் பூவிதழ்களாக இறங்கினார்கள். மாடிகளில், மரங்களில், மந்திரியின் மடியில்கூட.

"ஐயோ, என் அரண்மனை!" கனங்கொள்ளி பறந்தோடி வாசற்படியில் தொற்றினான். நங்கூரம் இல்லாத மேகம் நழுவியது. மறுநாள் ஆடிக்காற்று அதைக் கடல் தாண்டித் துரத்தியது. இப்போது யார் தலைக்கு மேலே அலைகிறானோ, யார் கண்டார்கள்?

ராஜா ஆற்றங்கரை மூங்கில் தோப்பைப் பவளாயிக்கே எழுதிக் கொடுத்தார். அவள் கும்பிட்டுவிட்டு, சிட்டுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பாதி வழியில் மூச்சு வாங்கியது.

"அம்மா, இறக்கிவிடு. நானே நடக்கிறேன்."

"அப்பப்பா, என்ன கனம்டி நீ! இடுப்பு ஒடியுது," என்றாள் பவளாயி.

இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை இறக்கிவிடவே இல்லை.