உள்ளே ஓடும் கேபிள்

கோத்தகிரியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த ரத்தினசபாபதிக்குப் புதிதாக இறக்கிய சைக்கிள்கள்மேல் தனிப் பெருமை. அவற்றில் பிரேக் கேபிள் வெளியே தெரியாது. குழாய்க்குள்ளேயே ஓடும்.

"வந்து இறங்கினதுலேருந்து ரெண்டு மாச மழையில நனைஞ்ச வண்டிங்க. உள்ளே தண்ணி இறங்கி கேபிள் துருப்பிடிச்சிருக்கும், இறக்கத்துல அறுந்துடும். மாத்திடணும். வண்டிக்கு அரை நாள் ஆகும்" என்றான் மெக்கானிக் மாரப்பன்.

"உள்ளே இருக்கிறது எப்படிடா நனையும்? எல்லாம் நல்லாயிருக்குன்னு சோதனைச் சீட்டுல கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கு வராதே."

மாரப்பன் பேனாவைத் தொடவில்லை. அன்று ஆயுதபூஜை. பொட்டு வைத்த பழைய சைக்கிள் ஒன்றையும் புதியது ஒன்றையும் கடைக்கு எதிரே இருந்த இறக்கத்தின் முகப்பில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான்.

"முதல் சவாரி முதலாளிதானே போகணும். எந்த வண்டிங்க?"

ரத்தினசபாபதி புதியதன் பிரேக்கை அழுத்திப் பார்த்தார். வளைந்து வளைந்து கீழே இறங்கும் சாலையைப் பார்த்தார். பிறகு, கேபிள் கண்ணுக்குத் தெரிந்த பழைய சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். பூஜைக்குக் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாரப்பனும் சிரித்துவிட்டான்.

"வேலை வேணும்னா புதுசுல நீ ஏறு" என்றார் முதலாளி. "எனக்கு முன்னால போ."

சிரிப்பு நின்றது. கையெழுத்துப் போட மறுத்த மாரப்பன் ஏறி உட்கார்ந்தான். பழம் நசுங்கியது.