பக்கத்தில் யார்?

"மேடம், ஒருத்தி இல்லைன்னு சொல்லுதா. ஆமான்னு எனக்குத் தெரியும். நானே ஆமான்னு திருத்திக்கிடலாமா?"

சந்தனமாரி இதைக் கேட்டபோது காலை பதினொரு மணி. இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கையில் அறுபத்து மூன்று படிவம். உப்பள வேலைக்குப் போகிற பெண்களுக்கு வீட்டில் அடி உதை உண்டா என்று வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதியவை. அதை வைத்துத்தான் முனைவர் பட்டம் வாங்க வேண்டும். பதினெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பத்து நாலு வயதில் ஒருத்திக்கு ஆராய்ச்சி ஆசை வந்தால் இப்படித்தான் அலைய வேண்டும்.

அவளுக்கு வழிகாட்டி நேசமலர் மேடம். மாணவியைவிட மூன்று வயது இளையவர். அதனால் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். துறையில் அது ஒரு கேலி. இரண்டு பேரும் அதைக் கண்டுகொண்டதில்லை.

"யாருக்கா அந்த ஒருத்தி?"

"முத்துக்கனின்னு பேரு. மணிக்கட்டுல கட்டு. கன்னம் ஒரு பக்கம் வீங்கிக் கிடக்கு. கேட்டா, பாத்திரம் கழுவுற இடத்துல வழுக்கிட்டாளாம். நீங்கள் குடும்ப வன்முறைக்கு ஆளானதுண்டா? இல்லை. அடுத்த கேள்விக்கும் இல்லை. கடைசிவரைக்கும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கா."

"மத்த அறுபத்திரண்டு பேரு?"

"அவங்களும் இல்லைதான். இந்தப் படிவத்தை நம்பினா நம்ம ஊரு கைலாசம் மேடம்."

மேடம் சிரித்தார். அவர் சிரித்தால் கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும்.

அட்டெண்டர் ஆபிரகாம் அண்ணன் டீ கொண்டுவந்தார். அந்த அறைக்கதவைச் சாத்துகிற வழக்கமே கிடையாது. ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து எந்நேரமும் திறந்தே வைத்திருப்பார் மேடம். யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம்.

"சரி, உங்க வீட்டுல எப்படிக்கா?"

"எங்க வீட்டுலயா? சேச்சே. அவர் தங்கமான மனுஷன்."

அண்ணன் டீயை வைத்துவிட்டுப் போனார். உடனே சந்தனமாரியின் போன் அடித்தது. எழுந்து நின்று பேசினாள்.

"காலேஜ்லதான் இருக்கேன். மேடம்கூடத்தான். ஆமா. நாலு மணிக்குள்ள வந்துருவேன்."

உட்கார்ந்தாள். "அவர்தான் மேடம். ஒரு நாளைக்கு ஆறேழு தடவை கூப்பிடுவார். பாசம்."

மேடம் டீயைக் குடித்து முடித்தார்.

"திருத்திக்கிடலாமா?"

"கூடாது. அவ சொல்லாததை அவ பேருல நீங்க சொல்லக் கூடாது. அவ வீட்டுல ஒருத்தன் அதைத்தான் செஞ்சுக்கிட்டு இருக்கான்."

சந்தனமாரிக்குச் சுருக்கென்றது. அவளுக்குக் கோபம்கூட வந்தது.

"அப்ப பொய் பொய்யாவே கிடக்கட்டுமா?"

மேடம் பேனாவை எடுத்தார். முத்துக்கனியின் படிவத்தில் ஓரமாக ஒரு கோடு போட்டார். அதன் தலையில் இரண்டு வார்த்தை எழுதினார்.

பக்கத்தில் யார்?

"இதை நிரப்புங்க."

"அவ வீட்டுக்காரர் இருந்தார். நல்லமாதிரியாத்தான் தெரிஞ்சுது. யாரையோ கடைக்கு அனுப்பி எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிக் கொடுத்தார். நான் எந்திரிக்கிற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தார்."

"எழுதுங்க."

எழுதினாள்.

"மத்ததுலயும்."

கணக்கு டீச்சர் அல்லவா, ஸ்கேல் வைத்துத்தான் கோடு போட்டாள். மாமியார். கணவர். கொழுந்தன். மாமியாரும் நாத்தனாரும். ஜன்னலுக்கு வெளியே மாமனார். நாற்பதாவது படிவத்துக்கு வந்தபோது அவளுடைய டீ ஆடை கட்டிப் போயிருந்தது. ஒன்றிலாவது யாரும் இல்லை என்று எழுதிவிட மாட்டோமா என்று தேடிக்கொண்டே போனாள். கடைசிப் படிவமும் முடிந்தது.

"பதினெட்டு வருஷம் பரீட்சை ஹால்ல பிள்ளைங்களைத் தள்ளித் தள்ளி உக்காரவச்சவ மேடம் நான். எனக்கு இது தோணலையே."

"தோணிட்டுல்லா. அந்தக் கலரைக் குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"சரிதான் போங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு மேடம் அந்த முதல் கேள்வியை அடித்தார். வன்முறை என்கிற வார்த்தை பேப்பரில்தான் வரும், வீட்டில் வராது என்றார். புதுக் கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல சந்தனமாரி எழுதிக்கொண்டாள். கன்னத்தில் அடித்ததுண்டா? கையை முறுக்கியதுண்டா? சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்ததுண்டா? எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று ஓயாமல் கேட்பதுண்டா?

அந்தக் கேள்வியில் அவள் பேனா நின்றது. பிறகு அதையும் எழுதினாள்.

மேடம் இன்னொரு தாளும் கொடுத்தார். அதில் இருந்ததெல்லாம் சமையல் கேஸைப் பற்றிய கேள்விகள்.

"பேசிக்கிட்டு இருக்கும்போது யாராவது வந்தா உடனே இந்தத் தாளைப் புரட்டிக்கிடுங்க."

"அது பொய்யில்லையா மேடம்?"

"நீங்க பஸ் ஏறி வந்துருவீங்க. அவ அங்கதானே இருக்கணும்."

பத்து நாள் கழித்து சந்தனமாரி திரும்பி வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது, உதடு வெடித்திருந்தது. ஒரே ஒரு படிவம் கொண்டுவந்திருந்தாள்.

"முத்துக்கனி பேசினாளா?"

"பேசினா. வீட்டுக்கு வரவேண்டாம், உப்பளத்துக்கு வாங்கன்னு அவதான் சொன்னா. கஞ்சி குடிக்கிற நேரம். நாலு பக்கமும் வெட்டவெளி. இங்க வச்சா பேசுறதுன்னு எனக்குப் பதறுது. 'இதைவிட நல்ல இடம் ஏதுக்கா, எவன் வந்தாலும் பாலம் தாண்டும்போதே தெரியும்'னு சொல்லுதா."

"அப்புறம்?"

"எல்லாம் சொன்னா. கல்யாணமான எட்டாம் நாள்ல இருந்து சொன்னா. நடுவுல கணக்கப்பிள்ளை சைக்கிள்ல வந்துட்டார். நான் தாளைத் தேடிக்கிட்டுக் கிடக்கேன். அவ முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. 'எங்க வீட்டுல ஒரு சிலிண்டர் நாப்பது நாள் வரும்க்கா'ன்னு கணீர்னு சொல்லுதா. அவர் போனதும் விட்ட இடத்துல இருந்து ஆரம்பிச்சா. நான் அவளுக்கு அந்தத் தாளைப் பத்திச் சொல்லவே இல்லை மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உதவிக்குக் கூப்பிடுற நம்பரை எழுதிக் கொடுக்கப்போனேன். தாள் வேண்டாம்னுட்டா. வாயால சொல்லச் சொல்லி மூணு தடவை திருப்பிச் சொல்லிப் பாத்துக்கிட்டா. கிளம்பும்போது, 'இத்தனை கேட்டீங்களே, உங்க வீட்டுல எப்படிக்கா'ன்னு என்னைக் கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"திரும்பிப் பாத்தேன்."

"எதுக்கு?"

"பின்னால யாரும் நிக்காங்களான்னு."

சந்தனமாரி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் அவள் போன் அடித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

நேசமலர் எழுந்து போனார். செங்கல்லைக் காலால் தள்ளினார். பல வருஷம் அசையாத கதவு, கீல் துருப்பிடித்து வர மறுத்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் கிடந்த தன் நாற்காலியை இழுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தாளும் எடுக்கவில்லை, பேனாவும் எடுக்கவில்லை.

"இப்ப யாரும் இல்லைக்கா."