எமன் அங்கிளின் வால்வு

"மேடம், என்னை வேற வேலைக்கு மாத்திடுங்க."

எஸ்தர் மேடம் டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு நிமிர்ந்து பார்த்தார். எதிரே பூவராகன் நின்றிருந்தார். மேடத்தைவிடப் பத்து வயது மூத்தவர், தலை முழுக்க நரை. முகத்தில் மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன் கோபம்.

"உக்காருங்க சார். எலுமிச்சை சாதம் இருக்கு, சாப்பிடறீங்களா?"

"சாதம் வேண்டாம். பதில் சொல்லுங்க."

"என்ன குறை உங்களுக்கு?"

"இங்க எல்லாரும் அதை வாழவைக்கிற வேலை பாக்கறாங்க. நான் ஒருத்தன்தான் சாகடிக்கிற வேலை பாக்கறேன்."

பாவம், அவர் சொன்னதில் பொய் இல்லை.

எஸ்தர் மேடம் நடத்தும் அந்த ஆய்வுக்கூடத்தின் நடுவே ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பெரிய உலோக வளையம் இருக்கிறது. உள்ளே காற்றுகூடக் கிடையாது. அதற்குள் ஒரு சிட்டிகை வாயுவை விட்டு, சூரியனின் அடிவயிற்றைவிட அதிகமாகச் சூடேற்றி, காந்தத்தால் அந்தரத்தில் பிடித்து வைப்பார்கள். அதுதான் பிளாஸ்மா. சுவரைத் தொடாதவரை அது ராஜா. பிடி நழுவியதோ போச்சு, கண் இமைப்பதற்குள் சுவரில் மோதி, தகட்டையும் உருக்கிவிட்டுத் தானும் செத்துப்போகும்.

அப்படி மோதப் போகிற நேரத்தில் ஒரு வால்வு திறக்கும். நியான் வாயு உள்ளே பாயும். பிளாஸ்மா தன் சூட்டையெல்லாம் வெளிச்சமாக நாலா பக்கமும் இறைத்துவிட்டுச் சாதுவாக அணைந்துவிடும். அந்த வால்வுதான் பூவராகன் பொறுப்பு. கையால் திறக்கிற வேலை இல்லை, மனுஷக் கைக்கு அவ்வளவு வேகம் ஏது? எந்த அறிகுறி தெரிந்தால் திறக்க வேண்டும் என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அவரோ அனல் மின் நிலையத்தில் காலம் காலமாக டர்பைன் ஓட்டியவர். அங்கே மிஷின் நின்றால் ஊர் இருட்டாகும், மேலதிகாரி காது கிழியக் கத்துவார். நிறுத்தாமல் ஓட்டுகிறவன்தான் கெட்டிக்காரன். அப்பேர்ப்பட்ட ஆளைக் கூட்டிவந்து அணைக்கிற வேலையைக் கொடுத்தால் வயிறு எரியாதா?

போதாக்குறைக்குப் பட்டப்பெயர் வேறு. 'எமன் அங்கிள்.' வைத்தவள் நஸ்ரின். பிளாஸ்மாவை ஒருமுறை உண்டாக்கி ஓட்டிப் பார்ப்பதை அங்கே ஷாட் என்பார்கள். ஷாட் நடத்துவது அவள்தான். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுத் தன் பிஸ்கட்டில் பாதியையும் நீட்டுவாள். எங்கே கோபப்படுவது?

"சரி, வேலையை மாத்த வேண்டாம்," என்றார் பூவராகன். "ஒரு அளவாவது சொல்லுங்க. அது எவ்வளவு ஆடினா வால்வு திறக்கணும்?"

"எனக்குத் தெரியாது."

"என்னங்க இது அநியாயம்! இதுலதானே டாக்டர் பட்டம் வாங்கினீங்க?"

"அதனாலதான் தெரியாதுன்னு தைரியமா சொல்றேன்."

மேடம் ஊறுகாயைத் தேட ஆரம்பித்தார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அந்த வருஷம் வளையத்தைத் திறந்து, பழைய கரித்தகடுகளையெல்லாம் எடுத்துவிட்டு, உட்சுவர் முழுக்கப் புதிதாக டங்ஸ்டன் தகடு பதித்திருந்தார்கள். நஸ்ரினும் கூட்டாளிகளும் உள்ளே தவழ்ந்து தவழ்ந்து முட்டி தேய வேலை பார்த்தார்கள். இவ்வளவு பாடும் எதற்கு? புதுச் சுவருக்குள் பிளாஸ்மா நூறு விநாடி நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. அவர்கள் கண்முன்னால் நிற்க வேண்டும்.

பூவராகனுக்கு அந்தப் புதுச் சுவரை நினைத்தாலே பக்கென்றது. அளவைக் குறைத்து வைத்தார்.

திங்கட்கிழமை ஷாட் அழகாகக் கிளம்பியது. நாற்பது விநாடியில் லேசாக ஒரு ஆட்டம். பட்டென்று வால்வு திறந்தது. திரை இருண்டது.

"ஐயோ அங்கிள்!" நஸ்ரின் தலையில் கை வைத்தாள். "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு! எமனுக்கு இன்னிக்கு அப்படி என்ன பசி?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து வைத்தார். சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அளவைத் தாராளமாக உயர்த்தினார். போகட்டுமே, பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்.

ஐம்பது விநாடி தாண்டியது. கை தட்டினார்கள். அறுபது.

தரைக்கு அடியில் 'தொம்' என்று ஒரு சத்தம்.

வால்வும் திறந்ததுதான். எல்லாம் முடிந்த பிறகு திறந்தது.

உள்ளே இருக்கும் கேமராவைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒரு தகட்டின் ஓரம் உருகியிருந்தது. யாரும் எமன் என்று சொல்லவில்லை. நஸ்ரின் மெதுவாகத்தான் சொன்னாள்: "இன்னும் ஒரு அடி இப்படி விழுந்தா மறுபடி வளையத்தைத் திறக்கணும் அங்கிள். ஆறு மாசம் போயிடும்."

பூவராகன் நேரே மேடத்தின் அறைக்குப் போனார்.

"நாளையிலேர்ந்து நான் வரல மேடம்."

"சரி."

இவ்வளவு சுலபமாகச் சரி என்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அங்கேயே நின்றார்.

"போறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா?" என்றார் எஸ்தர் மேடம். "முதல் நாள் ஏன் அவ்வளவு சீக்கிரம் வச்சீங்க?"

"புதுச் சுவர். அதையேதான் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ரெண்டாம் நாள் ஏன் அவ்வளவு லேட்டு?"

"புள்ளைங்க முகத்தைப் பாத்தேன்."

"அதை எப்பப் பாத்தீங்க?"

"எதை?"

மேடம் வளையம் இருக்கும் பக்கம் கை காட்டினார். பூவராகனுக்கு மெல்ல உறைத்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அதை எப்படிப் பாக்கறது மேடம்? திரை பூரா கோடா ஓடுது. எனக்குக் கோடு பழக்கமில்ல."

"டர்பைன்ல கோளாறுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பேரிங் மேல வச்சு, பிடியில காதை வச்சுக் கேப்பேன். மீட்டர் காட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்."

"இங்க ஏன் கேக்கல?"

"நல்லா கேட்டீங்க! எங்க கொண்டுபோய்க் காதை வைக்கிறது?"

மேடம் எழுந்தார். விறுவிறுவென்று கட்டுப்பாட்டு அறைக்குப் போனார். நஸ்ரின் பாட்டுக் கேட்கிற சின்ன ஸ்பீக்கரைக் கேட்காமலே எடுத்தார். வளையத்தைச் சுற்றிலும் பிளாஸ்மாவின் துடிப்பை அளக்கும் கம்பிச் சுருள்கள் உண்டு. அன்றைய ஷாட்டின்போது எடுத்த அவற்றின் பதிவைக் கணினியில் திறந்து ஸ்பீக்கரில் கோத்துவிட்டார். அதுவரை கோடாக ஓடியதெல்லாம் சத்தமாக வந்தது.

வண்டு ரீங்கரிப்பது போல ஒரே சுருதியில் வந்துகொண்டிருந்தது. கடைசி நொடியை மேடம் நிதானமாக ஓடவிட்டார். ரீங்காரம் இறங்கியது. இன்னும் இறங்கியது. நின்றது. ஒரு மௌனம். அப்புறம் அந்தத் 'தொம்'.

பூவராகன் ஸ்பீக்கரில் காதை ஒட்டினார்.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்.

"திங்கட்கிழமையதைப் போடுங்க."

அதுவும் ஓடியது. நடுவில் சத்தம் ஒருமுறை கரகரத்தது. ஆனால் சுருதி இறங்கவில்லை. அதற்குள் வால்வு திறந்துவிட்டது.

"அடப்பாவமே," என்றார் பூவராகன். "சும்மா இருமியிருக்கு. நான்தான் பயந்துட்டேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எஸ்தர் மேடம் ஸ்பீக்கரை அவர் பக்கம் தள்ளிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வந்தார். வரமாட்டேன் என்று சொன்னதை யாரும் நினைவுபடுத்தவில்லை. பழைய ஷாட்டுகளை வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நஸ்ரினைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இங்க பாரும்மா, ஆடினா திறக்க வேண்டாம். சுருதி இறங்கிக்கிட்டே போனா திற. இறங்கிட்டு மறுபடி ஏறுச்சுன்னா விட்டுடு. இதைக் கம்ப்யூட்டருக்குப் புரியற மாதிரி எழுது," என்றார். அவள் எழுதினாள். அளவு என்ன என்று மேடத்திடம் அவர் மறுபடி கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. சந்தனக் கலர் சட்டை போட்ட தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஸ்பீக்கரை ஓடவிட்டார்கள்.

ஷாட் கிளம்பியது. ரீங்காரம் சுத்தமாக வந்தது. முப்பதில் ஒரு கரகரப்பு. வால்வு அசையவில்லை, கரகரப்பு தானாகச் சரியானது. ஐம்பது. எழுபது. எண்பது. பின்வரிசையில் யாரோ வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

எண்பத்தொன்பதில் சுருதி இறங்கியது.

பூவராகன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சொல்லி வைத்தபடியே வால்வு திறந்தது. திரையில் வெள்ளை வெளிச்சம் ஒருமுறை மலர்ந்து அடங்கியது. தரைக்கு அடியில் சத்தமே இல்லை.

நஸ்ரின் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் திரும்ப அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

"பதினோரு விநாடிதானேய்யா பாக்கி!" தலைவருக்கு ஆதங்கம் தாங்கவில்லை. "விட்டிருந்தா ஒருவேளை நூறு வந்திருக்குமே. யாரு இப்படி வச்சது? நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்குக் கொன்னீங்க?"

பூவராகன் எஸ்தர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களைத்தான் கேக்கறார் சார்."

பூவராகன் எழுந்து நின்றார்.

"நான் கொல்லலீங்க ஐயா. அது கிளம்பிடுச்சு. வழியனுப்பி வச்சேன்."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நஸ்ரின் கேமராவைத் திருப்பி, புதுச் சுவர் முழுக்க ஒரு சுற்று பார்த்துவிட்டாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக்கை இழுத்தாள்.

"சுவர்ல ஒரு கீறல் இல்ல. எல்லாரும் அவங்கவங்க எடத்துக்கு வாங்க, அடுத்த ஷாட் போலாம். அங்கிள், வால்வு ரெடியா?"

"ரெடிம்மா."