செம்பி மூடிய வாசல்

அந்தக் காலத்தில் செம்புத்தூளும் பேசும், காற்றும் பேசும். செம்பி என்றொரு துகள் இருந்தாள். பிறந்த கட்டியிலிருந்து அரம் அவளை ராவித் தள்ளிய நாள் முதல் உடம்பெல்லாம் வெறுமை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒட்டிக்கொள்ள உறவில்லை. மண்ணில் கிடந்தவளைத் தூக்கிவந்து மற்றத் துகள்களோடு சேர்த்தது ஓர் இளங்காற்றுதான். துகள்களுக்கு நடுவே இருந்த சந்துகளில் அதுவும் குடியேறியது.

கொல்லன் மாசாணம் அந்தத் தூளை அச்சில் போட்டு இறுக்கி, மகளுக்கு ஒரு தண்டை செய்தான். தொட்டால் உதிரும் தண்டை. "உருக்கிடாத சாமி, ஒட்டவச்சாப் போதும்" என்று நெருப்பைக் கும்பிட்டு உலைக்குள் வைத்தான்.

நெருப்பு துகள்களிடம் சொன்னது: "கைய நீட்டுங்கடி. பக்கத்துல இருக்கிறவளப் பிடிச்சவ பொழைச்சா. பிடிக்காதவ மறுபடியும் தூசிதான்."

செம்பி கை நீட்டினாள். பிடித்த இடம் ஒட்டித் தடித்தது. அந்த இடத்தில் வெறுமை இல்லை. அதற்காகத்தானே இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தாள்! இன்னும் நெருங்கினாள். எல்லோரும் நெருங்கினார்கள். சந்துகள் குறுகின.

"அக்கா, மூச்சு முட்டுது. உன் பக்கம் மட்டுந்தான் வாசல் இருக்கு. கொஞ்சம் கைய எடு, போயிடுறேன்" என்றது இளங்காற்று.

தன்னைத் தூக்கிவந்தது யார் என்று செம்பி மறக்கவில்லை. ஆனால் கையை எடுத்தால் மறுபடியும் தனிமை. அந்தப் பயம் நன்றியைவிடப் பெரிதாக இருந்தது. "கொஞ்சம் பொறு, சூடு ஆறட்டும்" என்று சொல்லிக்கொண்டே மறுகையையும் கோத்துக்கொண்டாள், ஏற்றிவிட்ட ஏணியை எட்டி உதைத்தவள். வாசல் மூடியது. உள்ளே ஒரு குரல் அக்கா, அக்கா என்றது. பிறகு அதுவும் இல்லை.

உலையிலிருந்து எடுத்தபோது தண்டை கெட்டியாக இருந்தது. மகள் காலில்தான் ஏறவில்லை. "ஒரு பொட்டுகூட உதிரலையே, எப்படிச் சிறுத்துச்சு?" என்று மாசாணம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செம்பிக்குத் தெரியும். சுற்றிலும் உறவு நெருக்கி நின்றது. யாரிடம் சொல்லி அழுவாள்?

அன்று முதல்தான் தூளை இறுக்கிச் சுட்ட பொருள் அச்சில் இருந்ததைவிடச் சிறுத்தே வெளியே வருகிறது; அச்சு வெட்டுகிறவர்களும் கொஞ்சம் பெரிதாகவே வெட்டுகிறார்கள். உடைத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவில் சில ஓட்டைகள் தெரியும். அங்கேதான் அந்த இளங்காற்று இன்னும் வாசலைத் தேடிக்கொண்டிருக்கிறது.