பிளந்த கன்றின் நடுவே

கதை கேட்க வந்த பிள்ளைகளே, பெரியவர்களையும் கூப்பிடுங்கள். இதில் தவறு செய்தவர்களெல்லாம் பெரியவர்கள்தான்.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் விடுதலையாகிச் சொந்த நாடு திரும்பிய காலம் அது. மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றுக்கும் சில குடும்பங்கள் வந்து சேர்ந்தன. வீடுகள் இடிந்து கிடந்தன. கிணறு தூர்ந்து கிடந்தது. அதெல்லாம் அவர்களுக்குப் பெரிதாய்ப் படவில்லை. "நம் முன்னோர் கர்த்தரோடு இருந்த உடன்படிக்கையை மீறினார்கள். இனி அவர் நம்மைச் சேர்த்துக்கொள்வாரா?" என்ற பயம்தான் அவர்களைத் தின்றது.

ஊர்த்தலைவன் மெசுல்லாம் ஒரு வழி சொன்னான். அந்நாட்களில் உடன்படிக்கை செய்கிறவர்கள் ஒரு கன்றை இரண்டாகப் பிளந்து, பாதிகளை எதிரெதிரே வைத்து, நடுவே நடந்துபோவார்கள். வாக்குத் தவறினால் இந்தக் கன்றின் கதி எனக்கு வரட்டும் என்று அதற்கு அர்த்தம்.

"நாமும் நடந்து, புதிதாய் உடன்படிக்கை செய்வோம். நடக்காதவர்கள் பாபிலோனுக்கே திரும்பட்டும்" என்றான் மெசுல்லாம். ஆவேசமாய்ப் பேசுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

கூட்டத்தில் நின்ற மில்காள் என்ற விதவை, தான் மீறிய கட்டளையை நினைத்தாள். பாபிலோனில் அவள் மகள் காய்ச்சலில் கிடந்தபோது, அந்த ஊர்த் தெய்வத்தின் களிமண் பொம்மையை வாங்கிவந்து கும்பிட்டவள் அவள். மகள் பிழைக்கவில்லை. குழந்தை கடைசியாய்க் கையில் பிடித்திருந்த பொம்மை என்பதால் எறியவும் மனம் வரவில்லை. அது இன்னும் அவள் மூட்டையில் இருந்தது. திரும்பிப் போனால் அங்கே அவளுக்கு என்று ஒருவரும் இல்லை.

மறுநாள் கன்றைப் பிளந்து வைத்தார்கள்.

முதலில் மெசுல்லாம் வந்து காலை எடுத்து வைத்தான். ஆளில்லாத பக்கத்து நிலத்தின் எல்லைக்கல்லைத் தான் நகர்த்தி நட்டது நினைவுக்கு வந்தது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

அடுத்து, ஊருக்கு வேதம் சொல்லி, காணிக்கைகளையும் பார்த்துக்கொள்ளும் லேவி குலத்தவனான யாதோன் வந்தான். காணிக்கை மாவில் கொஞ்சம் தன் வீட்டு அடுப்புக்குப் போனது நினைவுக்கு வந்தது. அவனும் நின்றுவிட்டான்.

மூன்றாவதாக மில்காளை முன்னே விட்டார்கள். அவள் காலை எடுக்கவே இல்லை.

"ஐயா, என்னால் முடியாது. நான் பாவி" என்று அழுதாள். "ஒன்று மட்டும் சொல்லுங்கள். நம் குலத்தின் முதல் தகப்பன் ஆபிரகாம் கர்த்தரோடு உடன்படிக்கை செய்து இப்படி நடந்தபோது அவருக்குக் கால் நடுங்கவில்லையா?"

யாதோனுக்கு எரிச்சல் வந்தது. "ஆபிரகாம் எங்கே அம்மா நடந்தார்? அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். கர்த்தர்தான் நெருப்பாய் வந்து, தனியாக நடுவே..."

ஊருக்கெல்லாம் எத்தனையோ தடவை அவன் சொன்ன கதைதான். அன்றுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

மெசுல்லாம் மெதுவாய்க் கேட்டான். "அப்படியானால் இந்தக் கன்றின் கதி எனக்கு வரட்டும் என்று சொன்னது யார்?"

"கர்த்தர்தான். ஆபிரகாமை அவர் நடக்கச் சொல்லவே இல்லை" என்றான் யாதோன்.

"அந்த உடன்படிக்கை இன்னும் இருக்கிறதா, ஐயா?" என்றாள் மில்காள்.

"நாம்தான் மீறினோம். அவர் மீறவில்லை அம்மா. மீறியிருந்தால் நாம் ஊர் வந்து சேர்ந்திருப்போமா?"

மெசுல்லாம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பயம் தெளிந்து யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள், சிலர் அழுதுகொண்டே. மில்காளுக்கு வெகுகாலத்துக்குப் பிறகு மூச்சு முழுசாய் வந்தது.

யாரும் யாரையும் ஏவவில்லை. மெசுல்லாம் போய் எல்லைக்கல்லைப் பழைய இடத்தில் நட்டான். யாதோன் தான் எடுத்த காணிக்கை மாவுக்கு ஈடாக மாவு கொண்டுவந்து கொடுத்தான். மில்காள் பொம்மையை எடுத்து, மகளை நினைத்துக் கொஞ்ச நேரம் அழுது, கல்லில் போட்டு உடைத்தாள். அவளைப் பாபிலோனுக்குத் திரும்பிப் போகச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அன்று ஊரே ஒன்றாய் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டது.

கர்த்தருடைய உடன்படிக்கை நம்முடைய உறுதியால் அல்ல, அவர் சொல் தவறாததால் நிற்கிறது என்று நம்பினவனுக்குத்தான் திருந்தத் தைரியம் வரும்.