வெளிப்பாறைச் சம்பந்தம்

ஆற்று வளைவில் ஒரு நீர்நாய்க் குடும்பம் இருந்தது. அப்பன் பெயர் துடுப்பன். வால் துடுப்பு மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பட்டப்பெயர். அம்மா வாளை. மூத்த பையன் விரால். கடைக்குட்டிப் பெண் கெண்டைப்பொடி. நீர்நாய்கள் பிள்ளைகளுக்கு மீன் பெயர்தான் வைக்கும். பிடித்ததைத்தானே பெயராக வைக்க முடியும்.

அவர்கள் வளைக்கு எதிரே ஒரு தட்டைப் பாறை உண்டு. அதற்கு வெளிப்பாறை என்று பெயர். வெளிக்குப் போகிற பாறை. நீர்நாய்கள் அந்தக் காரியத்தைத் தனித்தனியாக ஒளிந்து செய்வதில்லை. விடிந்ததும் குடும்பத்தோடு போகும், ஒரே இடத்துக்குப் போகும். மூக்கைச் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளலாம். கதை அங்கேதான் நடக்கிறது.

தினமும் துடுப்பன்தான் ஆரம்பிப்பான். வாலைத் தூக்குவான். பின்னங்கால் இரண்டையும் மாற்றி மாற்றி மிதிப்பான். இடுப்பை ஆட்டுவான். கண்ணை மேலே சொருகிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடுவான்.

"தொப்பு தொப்பு தொப்பு ராசா,
தொந்திக்குள்ள என்ன ராசா?
நேத்துத் தின்ன நண்டு ராசா,
நின்னா ஆகுமா, இறங்கு ராசா!"

பிள்ளைகள் புரண்டு புரண்டு சிரிக்கும். சிரிக்கிற சிரிப்பிலேயே அவரவர் காரியமும் முடிந்துவிடும். அப்புறம் துடுப்பன் ஒவ்வொன்றாகப் பார்வையிடுவான். விராலுடையது கோபுரம் என்பான். தன்னுடையது தேர் என்பான். கெண்டைப்பொடியுடையதைப் பார்த்து, "இது என்னடி, மிளகா?" என்பான். "அது ரத்தினம்" என்பாள் அவள். முந்தின நாள் யார் யாருக்குத் தெரியாமல் நண்டு தின்றது, யாருக்கு வயிறு சரியில்லை, யார் பட்டினி, எல்லாம் அந்தப் பாறையில் தெரிந்துபோகும். வாளை தலையில் அடித்துக்கொள்வாள். ஆனால் பாறைக்குத் தினமும் வருவாள்.

இப்படியே போயிருக்கும். விராலுக்குக் கல்யாண வயசு வந்தது.

முதலில் ஓர் இடம் வந்தது. பெண் வீட்டார் விடியற்காலையில் சொல்லாமல் வந்து சேர்ந்தார்கள். தண்ணீரிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார்கள். சம்பந்தியாகப் போகிறவர் பாறை மேல் வாலைத் தூக்கி இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, தண்ணீருக்கடியிலேயே திரும்பிப் போய்விட்டார்கள்.

வாளை அன்று சமைத்த மீனைத் தொடவில்லை. அவள் அழுததைத் துடுப்பன் பார்த்தான். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தான். அவள் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. தப்பு தன்மேல்தான் என்று அவனுக்குத் தெரியும். அதனால், பின்னால் நடந்த எதற்கும் அவன் குறுக்கே நிற்கவில்லை.

பின்னால் நடந்தது, கொக்கு.

கொக்கு ஒரு கல்யாணத் தரகர். பெயர் வெண்சாமரம். உடம்பில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. மீனை விழுங்கும்போதுகூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டு விழுங்கும், விழுங்குவது தான் இல்லை என்பது மாதிரி. மேலாற்றில் ஓர் இடம் இருக்கிறது, பெண் பெயர் ஆரல், தங்கமான பெண், ஆனால் ரொம்ப நாகரிகமான குடும்பம் என்றது. வாளை பயபக்தியோடு கேட்டுக்கொண்டாள்.

"அந்த வீட்டுல அதெல்லாம் கிடையாதும்மா" என்று பாறைப் பக்கம் அலகை நீட்டியது கொக்கு.

"எதெல்லாம்?" என்றான் துடுப்பன்.

"அதெல்லாம்தான்."

கெண்டைப்பொடி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து இதை வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அதைத் துடுப்பன் கவனித்தான். கவனித்ததோடு சரி.

கொக்கு சட்டங்கள் போட்டது. பாட்டு கூடாது. ஆட்டம் கூடாது. பாறைக்கு யாரும் கூட்டமாகப் போகக் கூடாது. 'வெளிக்கு' என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது. கேட்டே ஆகவேண்டும் என்றால் 'காலைக்கடன் முடிந்ததா' என்று ஒரு தடவை கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்பது அநாகரிகம். சத்தம் போட்டுச் சிரிப்பதும் அப்படியே. சிரிப்பு வந்தால் கோரைப்புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து வீடு நாகரிகமாகிவிட்டது.

துடுப்பன் விடிவதற்கு முன்பே எழுந்து, திருடன் மாதிரி அக்கரைக்கு நீந்திப் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டு வந்தான். விரால் நாணல் புதருக்குப் போனான். வாளை எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. பாறை காய்ந்து கிடந்தது. சாப்பிடும்போது நாலு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மென்றார்கள். வளைக்குள் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. இடையில் துடுப்பனுக்கு ஓர் ஏப்பம் வந்தது. அதை அவன் திரும்ப விழுங்கினான். அன்று முழுக்க நெஞ்செரிச்சல்.

காலையில் வாளை சட்டப்படி ஒரு தடவை கேட்பாள்.

"கெண்டைப்பொடி, காலைக்கடன் முடிஞ்சுதாம்மா?"

"எனக்குக் கடன் ஒண்ணும் இல்லம்மா" என்பாள் கெண்டைப்பொடி. அவள் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

பாக்கி இல்லை என்றால் எல்லாம் முடிந்தது என்றுதானே அர்த்தம். வாளை திருப்தியாகப் போய்விடுவாள்.

நாளாக நாளாக, பொல்லாத வாயாடியான கெண்டைப்பொடி அடங்கிக்கொண்டே வந்தாள். ஓடுவதில்லை. குதிப்பதில்லை. மீனைக் கொடுத்தால் ஒரு கடி கடித்துவிட்டுப் போதும் என்றாள். நடக்கும்போது கால்களை ஒட்டி வைத்து மெதுவாக நடந்தாள். வாளைக்குப் பெருமை தாங்கவில்லை. கொக்கு வந்து பார்த்துவிட்டு, இந்த வீட்டிலேயே சின்னவள்தான் முதல் தரம், நடையைப் பாருங்கள், என்ன அடக்கம், என்ன நிதானம் என்று மெச்சியது.

துடுப்பன் மட்டும் அவள் வயிற்றைப் பார்த்தான். அது தவில் மாதிரி இருந்தது.

"ஏம்மா வாளை, அவ வயிறு..." என்று ஆரம்பித்தான்.

"ஏங்க, உங்களுக்கு எப்பப் பார்த்தாலும் வயிறு, குடல், இதே பேச்சுதானா? பையன் கல்யாணம் முடியட்டுங்க" என்றாள் வாளை.

துடுப்பனுக்குப் பழைய தப்பு நினைவுக்கு வந்தது. கோரைப்புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேலாற்றுக்காரர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் நாள் வந்தது.

பெண்ணின் அப்பா முரட்டுமீசை பெயருக்கேற்ற ஆள். பெரிய உடம்பு. ஆனால் கால்களை ஒட்டி வைத்து மெதுவாக நடந்து வந்தார். ஆரலும் அப்படியே நடந்து வந்தாள். இதுதான் மேலாற்று நடை போலிருக்கிறது என்று வாளை நினைத்தாள். தாமரை இலையில் மீன் வைத்தாள். இரண்டு பேரும் ஒரு கடி கடித்துவிட்டுப் போதும் என்றார்கள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். தண்ணீர் நன்றாக ஓடுகிறது என்றார் முரட்டுமீசை. ஆமாம், ஓடுகிறது என்றான் துடுப்பன். அதோடு பேச்சு தீர்ந்தது. விரால் ஆரலைப் பார்த்தான். ஆரல் கோரைப்புல்லைப் பார்த்தாள். கொக்கு நடுவில் நின்று, சபை எவ்வளவு கண்ணியமாக இருக்கிறது என்று கண்ணை மூடி ரசித்தது.

அப்போது ஒரு சத்தம் வந்தது. கர்ர்ர்ர் என்று, பழைய மரம் ஒன்று சாய்வது மாதிரி.

"தவளை" என்றது கொக்கு.

மறுபடியும் வந்தது. இந்தத் தடவை சத்தம் கெண்டைப்பொடியின் வயிற்றிலிருந்து வந்தது எல்லாருக்கும் தெரிந்தது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

துடுப்பன் தாவிப் போய் அவளைத் தூக்கினான். உடம்பு வேர்த்திருந்தது. வயிறு கல். அவள் அப்பன் காதில் வாயை வைத்தாள்.

"அப்பா, நான் செத்துப்போயிடுவேனா?"

"என்னடி பேசற? என்ன பண்ணுது?"

"வயிறு வெடிக்குது."

துடுப்பன் சட்டத்தை மறந்தான். "வெளிக்குப் போனியா, இல்லையா?"

"நான் போறதே இல்லையேப்பா."

"என்னது?"

"மேலாத்துல அதெல்லாம் கிடையாதுன்னு கொக்கு மாமா சொல்லிச்சு இல்ல? நீங்க எல்லாரும் நிறுத்திட்டீங்க. நானும் நிறுத்திட்டேன். நான் போனா அண்ணன் கல்யாணம் நின்னுடும் இல்லப்பா?"

துடுப்பனுக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தப் பேச்சே கிடையாது என்றதை, அந்தக் காரியமே கிடையாது என்று பிள்ளை எடுத்துக்கொண்டிருக்கிறது. வீட்டில் யாருமே போவதில்லை என்று நம்பியிருக்கிறது. நம்பாமல் எப்படி இருக்கும்? காலையில் யாரும் யாரையும் பார்க்கவே இல்லையே.

"இப்பப் போடி தங்கம். போயிடு."

"வரலப்பா. கதவு பூட்டிக்கிச்சு."

துடுப்பன் சபையைப் பார்த்தான். முரட்டுமீசை மீசை துடிக்க உட்கார்ந்திருந்தார். விரால் தலை குனிந்திருந்தான். வாளை துடுப்பனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றது அவள் பார்வை. பையன் வாழ்க்கை என்றது.

துடுப்பன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளிப்பாறை மேல் ஏறினான். அவளை விளிம்பில் உட்கார வைத்தான். வாலைத் தூக்கினான்.

இத்தனை நாள் ஆடாத ஆட்டம். எல்லாவற்றையும் சேர்த்து ஆடினான். பின்னங்காலை மிதித்த மிதியில் பாறை அதிர்ந்தது. கண்ணைச் சொருகினான். நாக்கைத் தொங்கவிட்டான். விழுங்கி வைத்திருந்த பழைய ஏப்பங்களை வரிசையாக வெளியே விட்டான். "தொப்பு தொப்பு தொப்பு ராசா" என்று அவன் எடுத்த எடுப்பில் ஆற்று மீனெல்லாம் அக்கரைக்கு ஒதுங்கியது.

கொக்கு பதறிப்போனது. தரகு போச்சு, மானம் போச்சு. ஓடி வந்து பாறை விளிம்புக்குக் கீழே, பிள்ளைக்குச் சரியாகப் பின்புறம் நின்றது. விருந்தாளிகளைப் பார்த்தபடி இரண்டு இறக்கையையும் திரை மாதிரி விரித்தது. "ஒண்ணுமில்லீங்க, இது எங்க பக்கத்துச் சூரிய நமஸ்காரம்" என்றது.

கெண்டைப்பொடி அதைக் கேட்டாள். அப்பனைப் பார்த்தாள். 'சூரிய நமஸ்காரம்' அப்போதுதான் இடுப்பை ஆட்டிக்கொண்டு "நின்னா ஆகுமா, இறங்கு ராசா" என்ற இடத்துக்கு வந்திருந்தது.

களுக் என்று ஒரு சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்தாள். அது மூக்கு வழியாக வந்தது. அப்புறம் வாய் வழியாக வந்தது. அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு இறங்கி வயிற்றுக்குப் போனது. வயிறு குலுங்கியது.

பூட்டு உடைந்தது.

விவரம் வேண்டாம். இத்தனை நாள் பாக்கி, மொத்தமாக வந்தது. எல்லாம் கொக்கின் முதுகில்.

கெண்டைப்பொடி எழுந்து நின்று வயிற்றைத் தடவிப் பார்த்தாள். அது வயிறு மாதிரி இருந்தது. "அப்பா, பசிக்குது" என்றாள்.

முரட்டுமீசை எழுந்தார். மெதுவாகப் பாறைப் பக்கம் வந்தார். வாளை கண்ணை மூடிக்கொண்டாள். மறுபடியும் ஒரு சம்பந்தம் தண்ணீருக்கடியில் போகப்போகிறது. போகட்டும், பிள்ளை பிழைத்தாள் என்று அவள் உதடு முணுமுணுத்தது.

முரட்டுமீசை கொக்கின் முதுகை மோந்து பார்த்தார். சாவகாசமாக இன்னொரு தரம் மோந்தார்.

"கெளுத்தி" என்றார். "நடுவுல கொஞ்சம் நண்டு. பாப்பா, நண்டு ஓட்டை நல்லா மென்னு தின்னணும்."

அவர் துடுப்பன் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. நாங்க புறப்பட்டதிலேருந்து அடக்கிக்கிட்டு இருக்கோம். கீழாத்துக்காரங்க ரொம்ப நாகரிகம், அவங்க வீட்டுல அதெல்லாம் கிடையாதுன்னு இந்தக் கொக்குதான் சொல்லிச்சு. உங்க பாறையில கொஞ்சம் இடம் கிடைக்குமா?"

துடுப்பன் நகர்ந்து இடம் விட்டான். அப்பாவுக்கு முன்னால் ஆரல் ஓடி ஏறினாள். வாலைத் தூக்கி அவள் மிதித்த மிதியையும் இடுப்பு ஆட்டத்தையும் பார்த்த விரால், கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று அங்கேயே சொல்லிவிட்டான். பாட்டுக்கு அவள் மேலாற்று அடி ஒன்றும் சேர்த்தாள். அதை இங்கே எழுத முடியாது.

வாளை கோரைப்புல்லைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று துடுப்பன் பயந்து கிட்டப் போனான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆற்றுக்கே கேட்கிற மாதிரி, "எல்லாரும் வெளிக்குப் போயாச்சா?" என்று கத்தினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

கல்யாணம் பாறையிலேயே நிச்சயமானது. கொக்கு எத்தனையோ தண்ணீரில் முழுகிப் பார்த்தது. முதுகுக் கறை போகவில்லை. அந்த வம்சம்தான் மடையான். இன்றைக்கும் வாய்க்கால் ஓரம் பழுப்பு முதுகோடு கூனிக்கொண்டு நிற்கும். பறக்கும்போது மட்டும் இறக்கைக்குள் பழைய வெள்ளை தெரியும்.

வீட்டுக்குள் வாய்விட்டுச் சிரிக்கக் கூச்சப்படுகிறவர்கள், வலிக்கிறது என்று சொல்லவும் கூச்சப்படுவார்கள்.