ஏழாவது கோப்பை

புதுச்சேரி பீர் ஆலை ஒன்றில் கோப்பை கழுவிய லூர்துமேரி, கழுவுமுன் ஒவ்வொன்றையும் முகர்ந்து, ஒரு சொட்டை நாக்கில் வைத்து, அந்த ருசிக்குப் பேர் தேடுவாள். நானூறு நாள் தேடியபின், ருசி பார்ப்பவர்களின் மேசையில் தனக்கும் ஒரு நாற்காலி கேட்டாள்.

ருசி நிபுணர் மகிபாலன் சிரித்தார். “ஏழு கோப்பை வைப்போம். சொன்னதையே திரும்பச் சொல்லாமல் ஏழின் ருசியும் சொல். தோற்றால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

“ஜெயிச்சா?”

“நாற்காலி உனக்கு. கோப்பையை நானே கழுவுகிறேன்!”

“சரிங்க ஐயா. நீங்களும் எழுதி வைங்க, ஒத்துப் பார்க்கணும் இல்லையா?”

ஆலை முதலாளியே ஏழு கோப்பையிலும் பீர் ஊற்றி வைத்தார். மகிபாலன் குடித்து, எழுதி, தாளைக் கவிழ்த்தார். பிறகு லூர்துமேரி நிதானமாகக் குடித்தாள்.

“முதலாவது வறுத்த பார்லி. ரெண்டாவது கொத்தமல்லி விதை. மூணாவது மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி.”

ஆறு வரை தடுமாறவில்லை. ஏழாவதில் வாயை மூடிக்கொண்டாள்.

“என்ன, வார்த்தை தீர்ந்துபோச்சா?” என்றார் மகிபாலன்.

“தீரலீங்க. மூணாவதும் ஏழாவதும் ஒரே பீப்பாய். இதுக்குப் புதுசா ஒண்ணு சொன்னா அது பொய்.”

“ஒரே பீப்பாய்தான். வேண்டுமென்றே இரண்டு முறை ஊற்றினேன்” என்ற முதலாளி, மகிபாலனின் தாளைத் திருப்பினார். மூன்றாவதற்குக் ‘காட்டுத்தேன்’, ஏழாவதற்குக் ‘கடற்காற்று’ என்றிருந்தது.

மகிபாலன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கழுவினார். நாற்காலியில் உட்கார்ந்த லூர்துமேரி, அவர் நீட்டிய முதல் கோப்பையை முகர்ந்தாள்.

“சோப்பு வாசம் போகலீங்க ஐயா. இன்னொரு தரம் அலசுங்க.”